வேனிட்டி கேபினெட் மாட்டும் கருவிகள்: எதை வாங்கலாம், எதை வாடகைக்கு எடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

பெரிய ஹார்ட்வேர் கடைகளில் உள்ளே நுழைந்ததும் நூறு, நூற்றைம்பது சாமான்கள் அடங்கிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை அடுக்கி வைத்திருப்பார்கள். புதிதாக வீடு வாங்கியவர்கள் முதலில் அதைத்தான் தூக்குவார்கள். குளியலறையில் ஒரு வேனிட்டி கேபினெட் (பேசினுக்கு அடியில் வரும் அலமாரி) மாட்ட அந்தப் பெட்டியிலிருந்து உருப்படியாக உதவுவது அளவு டேப்பும் ஒரு திருப்புளியும்தான். அதில் வரும் டிரில் பிட் டைலைத் தொட்டதும் மழுங்கிவிடும். ரசமட்டம் ஒரு சாண் நீளம்கூட இருக்காது. பிளையரின் வாய் பேசின் வேஸ்ட்டின் (தண்ணீர் வெளியேறும் வாய்ப்பகுதி) நட்டைக் கவ்வும் அளவுக்கு விரியாது. அந்தப் பணத்தை நல்ல டைமண்ட் பிட், நீளமான மேசன்ரி பிட், 600 மி.மீ. ரசமட்டம் ஆகியவற்றில் போடுங்கள். பெரிய மெஷின் தேவைப்பட்டால் டாலிஸ்மன் ஹையர், கோஸ்டல் ஹையர் போன்ற இடங்களில் வாடகைக்குக் கிடைக்கும்.

இந்த மதிப்பீடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து வீடுகளை மனதில் வைத்து எழுதியது. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், இசிபிங்கோ என்று நம்மவர்கள் இருக்கும் பகுதிகளில் செங்கல் சுவரும் உண்டு, சிமெண்ட் பிளாக் சுவரும் உண்டு. புதிய ஃபிளாட்டுகளில் ஜிப்சம் பலகைத் தடுப்பும் உண்டு. எடுத்துக்கொண்ட கேபினெட் 600 மி.மீ. அகலம், சுமார் 460 மி.மீ. ஆழம், மேலே பீங்கான் பேசின், சுவரில் தொங்கும் வகை. தரையில் நிற்கும் வகை என்றால் கீழே சொல்வதில் பாதி வேண்டாம்: எடை தரைக்குப் போய்விடும், சுவரில் இரண்டு ஸ்க்ரூ போட்டால் அது ஆடாமல் நிற்கும்.

தொங்கும் கேபினெட்டில் செலவு எங்கே போக வேண்டும் என்பதை ஒரு கணக்கு சொல்லிவிடும். கேபினெட், பேசின், உள்ளே வைக்கும் ஷாம்பு, துணி சோப்பு எல்லாம் சேர்த்து 60 கிலோ என்று வையுங்கள். அந்த எடையின் மையம் சுவரிலிருந்து 230 மி.மீ. தள்ளி இருக்கிறது. மேல் ஸ்க்ரூவுக்கும் கேபினெட்டின் அடி விளிம்பு சுவரில் அழுந்தும் இடத்துக்கும் நடுவே 400 மி.மீ. உயரம். அப்படியானால் மேல் ஸ்க்ரூக்களைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்கும் இழுவை 60 × 230 ÷ 400, அதாவது ஏறத்தாழ 35 கிலோ. இப்போது வீட்டில் ஆயா முகம் கழுவ வருகிறார், முன் விளிம்பில் கையை ஊன்றி 40 கிலோ பாரத்தைச் சாய்க்கிறார். 40 × 460 ÷ 400 என்பது இன்னொரு 46 கிலோ. எடையைச் சுமப்பதோடு இந்த 80 கிலோ இழுவையையும் இரண்டு பக்கத்து ஸ்க்ரூக்கள் தாங்க வேண்டும். பூச்சில் மட்டும் பிடித்திருக்கும் பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் அடிக்கும் பிளாஸ்டிக் உறை) இதற்குத் தாங்காது. மாட்டிய அன்று கல் போல நிற்கும். பிறகு மேல் விளிம்பில் சுவருக்கும் பேசினுக்கும் நடுவே மயிரிழை போல ஓர் இடைவெளி விழும். அங்கே சிலிக்கானைப் பூசிப் பூசி மறைப்பார்கள். அந்த இடைவெளியைக் கண்டால் சிலிக்கான் வாங்கப் போகாதீர்கள், பேசினைக் கழற்றி ஸ்க்ரூவைப் பாருங்கள்.

ஆக முதல் செலவு துளைக்குத்தான். துளை எவ்வளவு ஆழம் வேண்டும்? டைல் 8 மி.மீ., அதன் பின்னால் பசை 5 மி.மீ., பூச்சு 15 மி.மீ. என்று எடுத்தால் 28 மி.மீ. வரைக்கும் பிடிமானம் கிடையாது. பிளக் அதைத் தாண்டிச் செங்கல்லுக்குள் உட்கார வேண்டும். ஃபிஷர் டுவோபவர் வரிசையில் 8×40 தான் கடையில் முதலில் கையில் கொடுப்பார்கள். அது இங்கே போதாது, பாதிக்கு மேல் பூச்சிலேயே நின்றுவிடும். அதே வரிசையில் 8×65 என்று நீளமான ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். டைல் முகத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளி வைத்தால் அதன் நுனி 75 மி.மீ. ஆழத்தில் இருக்கும், அதில் 47 மி.மீ. செங்கல்லைப் பிடித்திருக்கும். ஸ்க்ரூ 6×90. துளை 95 மி.மீ.

இங்கேதான் பலர் தவறான பிட்டை வாங்கிவிடுகிறார்கள். 8 மி.மீ. எஸ்டிஎஸ் பிட் (ரோட்டரி ஹேமரில் சொருகும் பள்ளத் தண்டு வகை) 110 மி.மீ. நீளத்திலும் 160 மி.மீ. நீளத்திலும் தொங்கும். 110 என்பது மொத்த நீளம். அதில் துளை போடக்கூடிய பகுதி 50 மி.மீ. மட்டுமே. 160 வாங்கினால் 100 மி.மீ. கிடைக்கும். 95 ஆழத்துக்கு 160 தவிர வேறு வழியில்லை. பிட்டின் மேல் 95-ல் ஒரு டேப் துண்டைச் சுற்றிவிட்டு ஓட்டுங்கள். வீட்டின் உள்சுவர் பல இடங்களில் ஒற்றைச் செங்கல் சுவர். நம் ஊர்ச் செங்கல் 222 × 106 × 73 மி.மீ.; 106 தான் சுவரின் கனம். டேப் அடையாளம் இல்லாமல் அழுத்தினால் அடுத்த அறையின் பூச்சு உதிர்ந்து கட்டில் மேல் விழும்.

மெஷின் விஷயத்தில் தேவைக்கு மேல் செலவழிக்கத் தூண்டப்படுவீர்கள். பாஷ் ஜிஎஸ்பி 13 ஆர்இ போன்ற 600 வாட் இம்பாக்ட் டிரில் செங்கல்லில் நான்கு துளை போடத் தாராளம்; எஸ்டிஎஸ் பிட் இதில் பொருந்தாது, அதே ஆழத்துக்கு எட்டும் உருளைத் தண்டு மேசன்ரி பிட் போடுங்கள். எஸ்டிஎஸ் ரோட்டரி ஹேமர், உதாரணமாக பாஷ் ஜிபிஎச் 2-26 அல்லது மகிட்டா எச்ஆர்2470, கான்கிரீட் தூணோ லிண்டலோ குறுக்கே வந்தால்தான் கட்டாயம். முன்னதன் அடி 2.7 ஜூல், பின்னதன் அடி 2.4 ஜூல், 8 மி.மீ. துளைக்கு இந்த வித்தியாசம் கைக்கே தெரியாது, எது வாடகைக்குக் கிடைக்கிறதோ அதை எடுங்கள். பழைய, மிருதுவான செங்கல்லில் எஸ்டிஎஸ் ஒரு தொல்லையும் கொடுக்கும்: அடியின் வேகத்தில் 8 மி.மீ. துளை 9 ஆக அகன்றுவிடும், ஸ்க்ரூவைத் திருப்பும்போது பிளக்கும் சேர்ந்து சுற்றும். அப்படிச் சுற்றினால் தீக்குச்சியைச் செருகி இறுக்கப் பார்க்காதீர்கள். 10 மி.மீ. பிட்டால் அதே துளையைத் தூய்மையாகப் பெரிதாக்கி 10×80 பிளக் போடுங்கள், ஸ்க்ரூவையும் 8 மி.மீ.க்கு மாற்றுங்கள், நீளத்தை மறுபடி கணக்கிடுங்கள். மிருதுவான செங்கல் என்று தெரிந்தால் ஆரம்பத்திலேயே ஹேமரை அணைத்துவிட்டு வெறும் சுழற்சியில் ஓட்டுவது நல்லது.

சுவர் எது என்று தெரியவில்லையா? தூளைப் பாருங்கள். துளைக்குக் கீழே ஒரு காகித உறையை டேப்பால் ஒட்டி வாயைத் திறந்து வையுங்கள். முதலில் டைலின் வெள்ளை அல்லது செம்மண் நிறத் தூள் விழும். பிறகு பசையும் பூச்சும் சாம்பல் நிறத்தில், மாவு போல மெலிதாக. சட்டென்று தூள் செங்காவியாக மாறும், மெஷினின் சத்தமும் ஒரு சுருதி இறங்கும். அந்த நொடியில் நிறுத்தி ஒரு ஆணியை விட்டு ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். பிடிமானமில்லாத கனம் அதுதான். 28 என்று மேலே சொன்னது ஓர் எடுத்துக்காட்டு, உங்கள் வீட்டில் 40 இருந்தாலும் இருக்கும். பழைய டைல் மேலேயே புது டைல் ஒட்டிய குளியலறையில் 45-ஐயும் தாண்டும். அப்போது ஸ்க்ரூவின் நீளத்தையும் அதே அளவு கூட்ட வேண்டும். தூள் சாம்பலாகவே வந்து, திடீரென்று பிட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் அது உள்ளீடற்ற சிமெண்ட் பிளாக்.

உள்ளீடற்ற பிளாக்கில் ஹேமரைப் போடவே கூடாது. பிளாக்கின் முன் ஓடு மெல்லியது. அடித்தால் ஓட்டின் பின்பக்கம் புனல் மாதிரிச் சிதறி விழும், முன்னால் பார்க்கத் துளை அழகாகவே இருக்கும். பிளக் பிடிக்க மிச்சம் இருப்பது விரல் கனம்தான். தொங்கும் கேபினெட்டை இந்தச் சுவரில் மாட்ட உறுதியான வழி ரசாயன நங்கூரம்: 16 மி.மீ. துளை, பிளாஸ்டிக் வலைக்குழாய், அதற்குள் ரெசின், அதில் எம்8 அல்லது எம்10 திரெட் கம்பி. 300 மி.லி. ரெசின் குழாய்கள் சாதாரண சிலிக்கான் கன்னிலேயே பொருந்தும், தனிக் கன் வாங்க வேண்டியதில்லை. மூக்கிலிருந்து முதலில் வரும் ரெசினை, நிறம் ஒரே சீராக ஆகும்வரை, ஓர் அட்டையில் வெளியேற்றிவிடுங்கள். கலவாத ரெசின் இறுகாது. லேபிளில் போட்டிருக்கும் நேரம் முடியும்வரை கம்பியைத் தொடாதீர்கள்.

ஜிப்சம் பலகைச் சுவரில் எந்தப் பிளக்கையும் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. பலகையை வெட்டித் திறந்து ஸ்டட்டுகளுக்கு (உள்ளே நிற்கும் சட்டக் கம்பங்கள்) இடையே மரச் சட்டம் போட்டு மூடுவது ஒன்றுதான் வழி. அது முடியாத வாடகை வீட்டில் தரையில் நிற்கும் கேபினெட் வாங்குங்கள்.

டைலுக்கு வருவோம். குளியலறைச் சுவரில் இரண்டு வகை டைல் இருக்கும், இரண்டுக்கும் ஒரே பிட் ஆகாது. பழைய பளபளப்பான செராமிக் சுவர் டைல் மிருதுவானது. வேல் முனை போன்ற கார்பைடு பிட் அதைத் துளைத்துவிடும். பார்சலின் டைல் நீர் உறிஞ்சுவது 0.5 சதவீதத்துக்கு மேல் இராத அளவுக்கு இறுகியது; வேல் முனை பிட் அதன்மேல் அலறிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றும், நுனி நீலமாகிவிடும். அதற்கு 10 மி.மீ. டைமண்ட் குழாய் பிட் வேண்டும். மின்பூச்சு முறையில் வைரத்துகள் ஒட்டிய மலிவு பிட்டுகள் சீக்கிரம் தேயும். ஆனால் உங்களுக்குத் தேவை நான்கே துளை, இரண்டு பிட் வாங்கினால் வேலை முடியும். விலை உயர்ந்தது வேண்டாம்.

டைமண்ட் பிட்டை நேராக அழுத்தி ஆரம்பித்தால் கண்ணாடி போன்ற மேல்பூச்சில் வழுக்கி ஓடும், டைலில் வளைந்த கீறல் ஒன்று என்றைக்கும் நிற்கும். மெஷினை 45 பாகை சாய்த்துப் பிட்டின் ஒரு விளிம்பை மட்டும் தொடவிடுங்கள்; பிறைநிலா மாதிரி ஒரு தடம் விழும். தடம் விழுந்ததும் மெல்ல நிமிர்த்துங்கள். வேகம் குறைவு, அழுத்தம் குறைவு, தண்ணீர் நிறைய. இன்னொருவர் ஸ்ப்ரே பாட்டிலால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெண்பால் போலத் தண்ணீர் வழிந்தால் வெட்டுகிறது என்று பொருள். வழிவது தெளிந்துவிட்டால் பிட் மழுங்கிவிட்டது. வெட்டிய வில்லை பிட்டுக்குள் சிக்கும். ஒவ்வொரு துளைக்குப் பிறகும் ஆணியால் குத்தி எடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த துளை போடவே போடாது.

பிளக் 8, டைலில் துளை 10, ஏன்? பிளக் விரியும்போது டைலைத் தொடக் கூடாது. தொட்டால் அன்று ஒன்றும் ஆகாது. கடைசிச் சுற்றை இறுக்கும்போது துளையிலிருந்து டைலின் மூலைக்கு ஒரு விரிசல் ஓடும். டைலைத் தாண்டும்வரை ஹேமர் பொத்தானை அணைத்தே வைத்திருங்கள். தாண்டியதும் பிட்டை மாற்றிச் செங்கல்லுக்குப் போங்கள். துளையில் தங்கும் தூளை ஊதி எடுக்காமல் பிளக்கை அடித்தால் பிடி குறையும். சைக்கிள் பம்பும் ஒரு பழைய பல்துலக்கியும் இந்த வேலையைச் செய்துவிடும்.

தண்ணீர் வழியும் இடத்தில் வயர் மெஷின் வேண்டாம் என்பதே எங்கள் திடமான கருத்து. டைலுக்கு 18 வோல்ட் பேட்டரி டிரில், செங்கல்லுக்கு வயர் மெஷின். கரண்ட் வெட்டு நாட்களிலும் பேட்டரி மெஷின் கைகொடுக்கும். வயர் மெஷினுக்கு எக்ஸ்டென்ஷனை நடைவழியிலிருந்து இழுங்கள். அதற்கு முன்னால் டிபி போர்டில் எர்த் லீக்கேஜ் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். 30 மில்லி ஆம்பியருக்கு விழ வேண்டிய அந்தச் சுவிட்ச் விழவில்லை என்றால் அன்றைக்கு டிரில்லை எடுக்காமல் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சுவருக்குள் குழாய் எங்கே போகிறது? பாஷ் ஜிஎம்எஸ் 120 போன்ற கண்டறியும் கருவி இரும்பை 120 மி.மீ. ஆழம் வரையிலும், செம்பை 80 வரையிலும், கரண்ட் ஓடும் வயரை 50 வரையிலும் காட்டும். பழைய வீடுகளின் இரும்புக் குழாய், செம்புக் குழாய் இரண்டும் இதில் மாட்டும். ஆனால் பிளாஸ்டிக் குழாயை இது காட்டாது. கருவி பச்சை விளக்குக் காட்டியதை நம்பிப் பிளாஸ்டிக் குழாயைத் துளைத்தவர்கள் நிறையப் பேர். அண்மையில் குழாய் மாற்றிய வீடு என்றால் கருவியைவிட ஒரு விதிதான் காப்பாற்றும்: ஆங்கிள் வால்வுக்கு நேர் மேலேயும் நேர் பக்கவாட்டிலும் துளை போடாதீர்கள். குழாய்கள் பெரும்பாலும் வால்விலிருந்து செங்குத்தாகவோ கிடையாகவோதான் போயிருக்கும். கருவியை வாங்கத் தேவையில்லை, இரவல் கிடைத்தால் நல்லது.

ஸ்க்ரூவைப் பற்றி ஒரு வரி: மஞ்சள் துத்தநாகப் பூச்சு ஸ்க்ரூ டர்பன் ஈரத்துக்குத் துரு பிடிக்கும், ஏ2 ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள், உம்லாங்கா, ப்ளஃப் போலக் கடலை ஒட்டிய வீடு என்றால் ஏ4. கடைசிச் சுற்றைக் கையால் இறுக்குங்கள். இம்பாக்ட் டிரைவர் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம், பிளக்கின் உட்புறத்தை ஒரு நொடியில் அரைத்துவிடும். கேபினெட்டோடு வரும் தொங்கு கொக்கிகளின் இரண்டு ஸ்க்ரூக்களில் ஒன்று உயரத்தையும் மற்றது சுவரோடு ஒட்டும் இறுக்கத்தையும் சரிசெய்யும். அவற்றின் தலை பெரும்பாலும் பிஇசட்2 (போசிட்ரைவ்). பிஎச்2 (ஃபிலிப்ஸ்) திருப்புளி உள்ளே போகும், ஆனால் முழுதாக உட்காராது; நாலு தடவை வழுக்கினால் தலை வட்டமாகிவிடும். பிஇசட்2-வின் குறுக்குக் கோடுகளுக்கு நடுவே இன்னும் நாலு சின்னக் கோடுகள் இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

ரசமட்டம் 600 மி.மீ. போதும். விலை உயர்ந்த பிராண்டு தேவையில்லை, ஆனால் கடையிலேயே சோதித்து வாங்க வேண்டும். அலமாரித் தட்டின் மேல் வைத்துக் குமிழைப் பாருங்கள். முனை மாற்றித் திருப்பி அதே இடத்தில் வையுங்கள். குமிழ் இரண்டு தடவையும் ஒரே இடத்தில் நின்றால் நல்ல ரசமட்டம், தட்டு சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை. வேறு இடத்தில் நின்றால் அடுத்ததை எடுங்கள். லேசர் ஒரு கேபினெட்டுக்கு ஆடம்பரம்.

அளக்கும்போது தரையை நம்பாதீர்கள். குளியலறைத் தரை வடிகாலை நோக்கிச் சரிந்துதான் இருக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் தரையிலிருந்து அளந்து கோடு போட்டு, அந்தக் கோட்டை ரசமட்டத்தால் மறுபக்கம் கொண்டுபோங்கள். பேசினின் மேல் விளிம்பு 850 மி.மீ. என்பது பழக்கமான உயரம். மேசைமேல் கிண்ணம் வைத்த மாதிரியான பேசின் என்றால் அதன் உயரத்தைக் கழிக்க மறந்துவிடாதீர்கள்: கிண்ணம் 130 என்றால் கேபினெட்டின் மேல்தளம் 720-ல் வர வேண்டும். 850-ல் மாட்டினால் குழந்தைகளுக்கு எட்டாது, பெரியவர்களுக்கு முழங்கை வழியாகத் தண்ணீர் ஓடும்.

பின்பலகையில் குழாய்க்கான துளைகளுக்கு ஹோல் சா (வட்டத் துளை வெட்டும் ரம்பம்) வாங்குவது நல்ல முதலீடு. இரட்டை உலோக வகை, தண்ணீர் வால்வுகளுக்கு 35 மி.மீ., 40 மி.மீ. கழிவுக் குழாய்க்கு 54 மி.மீ. நடுப் பிட் மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, மறுபக்கத்திலிருந்து வெட்டி முடியுங்கள். மெலமைன் பூச்சு சில்லு சில்லாகப் பெயராது. ஜிக்சா இருப்பவர்கள் பாஷ் டி101பிஆர் போன்ற தலைகீழ்ப் பல் பிளேடு போட்டால் மேல்பக்கம் சுத்தமாக இருக்கும்.

வெட்டிய பிறகு செய்ய வேண்டிய ஒன்றைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். பலகையின் முகம்தான் மெலமைன். வெட்டிய விளிம்பில் சிப்போர்டோ சூப்பாவுட்டோ (எம்டிஎஃப்), அழுத்திய மரத்தூள், நிர்வாணமாக நிற்கிறது. டர்பனின் ஈரக்காற்றுக்கே அது மெல்ல உப்பும், ஒரு சொட்டுக் கசிவு சேர்ந்தால் சீக்கிரமே இட்லி மாதிரி ஊதிவிடும். ஊதிய பலகை காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. ஒவ்வொரு வெட்டு விளிம்பிலும் சிலிக்கானை விரலால் தேய்த்து மூடுங்கள். இரண்டு நிமிட வேலை. கேபினெட்டைத் தலைகீழாக வைத்து அடிப்பலகையின் பின்விளிம்பையும் பாருங்கள். தொழிற்சாலையில் அங்கே பட்டை ஒட்டாமல் விடுவது சகஜம், துடைக்கிற தண்ணீர் போய்த் தங்குவதும் அங்கேதான்.

இனி கசிவு. பேசின் ரெஞ்ச் என்ற நீண்ட கழுத்துக் கருவியை எல்லாரும் முதலில் வாங்கச் சொல்வார்கள். ரிட்ஜிட் 1017 நல்ல கருவி, அதன் கழுத்து 10 அங்குலத்திலிருந்து 17 அங்குலம் வரை நீளும். ஆனால் அது பழைய குழாயைக் கழற்றத்தான். புதிதாக மாட்டும்போது பேசினைத் தரையில் ஒரு கம்பளியில் கவிழ்த்து வைத்து மிக்சர் (சுடுநீரும் குளிர்நீரும் கலந்து வரும் குழாய்), வேஸ்ட் இரண்டையும் அங்கேயே மாட்டிவிட்டால் சாதாரண ஸ்பேனரே எட்டும். பழைய பேசின் சுவரில் இருந்து, அதன் நட்டு பச்சை பிடித்து இறுகியிருந்தால் மட்டும் வாங்குங்கள். மிக்சரின் அடிக்கம்பி எம்6 அல்லது எம்8. அதன் நட்டுக்கு 8 முதல் 13 மி.மீ. வரையிலான நீளமான பாக்ஸ் ஸ்பேனர் செட் ஒன்று போதும்.

மிக்சரோடு வரும் இரண்டு வளையும் குழாய்களின் மேல்முனை எம்10; ஒன்றின் கழுத்து குட்டை, மற்றது நெட்டை. குட்டையை முதலில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் விரல் நுழையாது. இரண்டையும் விரலால் இறுக்கினால் போதும், உள்ளே இருக்கும் ரப்பர் வளையம்தான் தண்ணீரை நிறுத்துகிறது. ஸ்பேனர் போட்டு இறுக்கினால் வளையம் நறுங்கும், அன்றிரவே சொட்டும். சுவர்ப் பக்கம் அரை அங்குல நட்டில் வாஷர் இருக்கிறது. கை இறுக்கத்துக்குப் பிறகு கால் திருப்பு. அங்கே டெஃப்லான் டேப் வேண்டாம். டேப் வேண்டிய இடம் ஆங்கிள் வால்வு சுவருக்குள் போகும் திரெட் மட்டும்: திரெட் உங்களைப் பார்த்திருக்க, கடிகாரச் சுற்றில், மெல்லிய டேப் என்றால் பத்துப் பன்னிரண்டு சுற்று.

குழாயை இணைக்கும் முன் ஆங்கிள் வால்வைத் திறந்து ஒரு வாளியில் தண்ணீரை ஓடவிடுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து மாதக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் தவித்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை: தண்ணீர் நின்று திரும்பி வரும்போது முதலில் வருவது மண்ணும் துருவும்தான். அது புது மிக்சருக்குள் போனால் கார்ட்ரிட்ஜ் கீறிவிடும்.

வேஸ்ட் கப்ளிங்கின் நட்டுக்குத்தான் நல்ல பிளையர் வேண்டும். பல் உள்ள வாட்டர் பம்ப் பிளையர் குரோம் பூச்சில் கடித்த தடம் பதிக்கும். நிப்பெக்ஸ் பிளையர்ஸ் ரெஞ்சின் தாடைகள் வழவழப்பாகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் இருக்கும், தடம் விழாது, 250 மி.மீ. அளவு எடுங்கள், 180 அளவின் வாய் பெரிய நட்டுக்குப் போதாது. விலை அதிகம்தான். வீட்டில் குழாய் வேலையெல்லாம் தானே செய்பவருக்குத் தயங்காமல் சிபாரிசு செய்வோம். ஒரே ஒரு கேபினெட்டுக்கு என்றால் சாதாரண பிளையரின் தாடையில் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

பேசினில் வழிதுளை (நிரம்பினால் தண்ணீர் வெளியேறும் மேல் துளை) இருந்தால் வேஸ்ட்டின் கழுத்தில் பிளவு இருக்க வேண்டும். இல்லாத பேசினுக்குப் பிளவில்லாதது. மாற்றி வாங்கினால் முன்னதில் வழிதுளைத் தண்ணீருக்குப் போக இடம் இல்லை, பின்னதில் தண்ணீர் பீங்கானுக்கும் கழுத்துக்கும் நடுவே தங்கி நாறும். பிளவுள்ள வகையில் கசிவு எப்போதும் ஒரே வழியில்தான் வரும்: பிளவுக்குள் நுழைந்த தண்ணீர் திரெட்டின் பள்ளத்திலேயே சுற்றிச் சுற்றி இறங்கி நட்டுக்குக் கீழே சொட்டும். எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. ரப்பர் வளையத்துக்கு மேலே திரெட்டைச் சுற்றி ஒரு வளையம் சிலிக்கான் வைத்து இறுக்குங்கள், அந்தப் பள்ளம் அடைபடும்.

டிராயர் உள்ள கேபினெட் வாங்குமுன் சுவரில் கழிவுக் குழாய் வரும் உயரத்தை அளந்து போங்கள். டிராயரின் யு வடிவ வெட்டு பாட்டில் டிராப்பை (சாக்கடை நாற்றம் மேலேறாமல் தண்ணீர் தேக்கும் கழிவு இணைப்பு) தாண்டுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். மாட்டிய பிறகு டிராயர் மூடவில்லை என்றால் சுவர் பக்கம் ஒதுங்கும் குறுகிய டிராப் ஒன்றுதான் வழி.

சிலிக்கான் கன்னில் மட்டும் மலிவை வாங்காதீர்கள். கைப்பிடியை விட்டதும் தண்டு தானாகப் பின்வாங்கும் வகை வேண்டும். மற்றவை விட்ட பிறகும் ஒழுகிக்கொண்டே இருக்கும். சிலிக்கானில் பூஞ்சைக்கு எதிரான சானிட்டரி வகை, அதிலும் நியூட்ரல். வினிகர் மணம் அடிக்கும் வகை பீங்கானுக்குக் கெடுதல் இல்லை. மேலே கண்ணாடி இருந்தால் அதன் பின்பூச்சைக் கறுக்கவைக்கும், மார்பிள் மேல்தளத்தில் கறை விடும். மேலும் கீழும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பூசி, ஐந்து நிமிடத்துக்குள் விரலால் இழுத்து, ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரியுங்கள். 24 மணி நேரம் அந்த ஓரத்தில் தண்ணீர் படக் கூடாது.

சோதனைக்குக் கருவி வேண்டாம், டிஷ்யூ பேப்பர் போதும். வடிகாலை மூடிப் பேசினை வழிதுளை வரை நிரப்பி ஒரு நிமிடம் வழியவிட்டு, மூடியை ஒரே இழுப்பில் திறங்கள். முழுத் தண்ணீரும் வேகமாக இறங்கும்போது உலர்ந்த டிஷ்யூவால் மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பையும் தொட்டு வாருங்கள்: வேஸ்ட் நட்டு, டிராப்பின் மேல் நட்டு, டிராப்பின் அடிக்கிண்ணம், சுவர்க் குழாய், கடைசியில் இரண்டு ஆங்கிள் வால்வுகள். தண்ணீர் எப்போதும் கீழேதான் சொட்டும், கசிவது மேலே இருக்கும். பேப்பர் முதலில் நனையும் இடம்தான் குற்றவாளி. கேபினெட்டின் அடிப்பலகையில் ஒரு காய்ந்த செய்தித்தாளை விரித்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் அதில் ஒரு வட்டம் இருந்தால் அதற்கு நேர் மேலே உள்ள நட்டைத் தேடுங்கள்.